நியாயமான காரணம் இருந்துவிட்டால் போர் நியாயமாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழில் போரும் அறமும் குறித்து அண்மையில் வெளிவந்த கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். தாக்கப்பட்ட நாடு திருப்பித் தாக்குவதை நியாயமான போர் என்று கத்தோலிக்கத் திருஅவை என்றைக்கோ ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆகவே அதற்கு மேல் அங்கே கேள்விக்கு இடமில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் நியாயமான போர் என்ற அந்தப் படிப்பினையையே கைகழுவிவிட்டார், இனி அதைப் பேசுவது பழைய பஞ்சாங்கம் என்று இன்னொருவர் பதில் எழுதியிருந்தார். எதிரெதிராக நிற்கும் இருவரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள் என்பது என் கருத்து. போர் தொடங்கும் நாளில் ஆட்சியாளர் ஒருமுறை வாங்கிக்கொள்ளும் அனுமதிச் சீட்டாக இருவரும் அந்தப் படிப்பினையைக் கருதுகிறார்கள். ஒருவர் சீட்டு செல்லும் என்கிறார், மற்றவர் செல்லாது என்கிறார். அந்தப் படிப்பினையோ, ஆணையிடுபவர் முதல் விசையை அழுத்துபவர் வரை ஒவ்வொருவரிடமும், போரின் ஒவ்வொரு நாளும் கேள்வி கேட்பது. பொது விவாதங்களில் அந்தப் பகுதி காணாமல் போய்விடுவதால், இந்தக் கடிதத்தைச் சற்று நீளமாகவே எழுத நேர்கிறது, பொறுத்தருள வேண்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் போரை எங்கே வைத்துப் பேசினார் என்பதைக் கவனித்தாலே பாதி விளங்கிவிடும். தம் இறையியல் தொகுப்பில் நீதியைப் பற்றிய பகுதியில் அவர் அதை வைக்கவில்லை. அன்பு என்னும் நற்பண்பைப் பற்றிய பகுதியில், அந்த அன்பிலிருந்து விளையும் அமைதியைக் குலைக்கும் பாவங்களின் வரிசையில், மனமுறிவு, வாக்குவாதம், பிளவு, சண்டை, கலகம் ஆகியவற்றுக்கு நடுவே வைத்திருக்கிறார். அவர் எழுப்பும் கேள்வி, போர் செய்வது எப்போதுமே பாவமா என்பதுதான். போரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டே விசாரணையைத் தொடங்குகிறார். போரை அறிவிக்கும் உரிமை பெற்ற ஆட்சியாளரின் ஆணை, நியாயமான காரணம், நேரிய நோக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் அது பாவமாகாமல் இருக்கலாம் என்பது அவர் முடிவு. முறையான ஆட்சியாளர் அறிவித்ததும் நியாயமான காரணம் உடையதுமான போர்கூடத் தீய நோக்கத்தால் கெட்டுப்போகும் என்று அவரே சொல்கிறார். துன்புறுத்தும் வேட்கை, பழிவாங்கும் கொடுமை, ஆதிக்க வெறி ஆகியவற்றைப் போரில் கண்டிக்கத் தக்கவையாக அடுக்கும் புனித அகுஸ்தினாரின் வரிகளையும் அங்கே சான்றாகக் காட்டுகிறார்.

அகுஸ்தினாரைப் போருக்குக் கதவு திறந்துவிட்டவர் என்று குறை சொல்வோர் உண்டு. தனிமனிதன் தன் உயிரைக் காத்துக்கொள்வதற்காகப் பிறரைக் கொல்வதைக்கூட ஒப்புக்கொள்ளத் தயங்கியவர் அவர். பிறரைக் காக்கும் பொறுப்பில் உள்ளவர், அந்தப் பொறுப்பின் பேரில் மட்டுமே ஆயுதம் எடுக்கலாம் என்றார். ரோமப் படைத்தலைவர் போனிபாஸுக்கு எழுதிய கடிதத்தில், அமைதியே உமது விருப்பமாக இருக்கட்டும், போர் தவிர்க்க முடியாத கட்டாயமாக மட்டுமே இருக்கட்டும் என்று அறிவுறுத்துகிறார். அவருக்குத் திருமுழுக்கு அளித்த மிலான் ஆயர் அம்புரோசியார் இன்னும் ஒருபடி மேலே போனார். 390இல் தெசலோனிக்கா நகரில் கலகக் கும்பல் ஒன்று பேரரசின் படைத்தலைவரைக் கொன்றது; அதற்குப் பழியாகப் பேரரசர் தியோடோசியுஸின் படை அந்நகர மக்களை வெட்டிச் சாய்த்தது. பேரரசரின் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆயினும் அவர் மனம் வருந்திப் பாவப் பரிகாரமாகத் தவம் மேற்கொள்ளும்வரை அவர் முன்னிலையில் திருப்பலி நிறைவேற்ற மாட்டேன் என்று ஆயர் கடிதம் அனுப்பினார், பேரரசரும் பணிந்தார்.

இவற்றைவிட எனக்கு வியப்பளிப்பது, 1066இல் நடந்த ஹேஸ்டிங்ஸ் போருக்குப் பிந்தைய ஓர் ஆவணம். இங்கிலாந்தின் அரியணை தமக்கே வாக்களிக்கப்பட்டது என்று உரிமை கோரிப் படையெடுத்த நார்மண்டிக் கோமகன் வில்லியமுக்குத் திருத்தந்தை இரண்டாம் அலெக்சாண்டரின் ஆதரவு இருந்ததாக அக்காலத்து வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் கூற்றின்படி, முறையான தலைவர், நியாயமான காரணம், திருஅவையின் ஆசி எல்லாம் இருந்த போர் அது, வெற்றியும் கிடைத்தது. ஆனால் சில ஆண்டுகளில் நார்மண்டி ஆயர்கள் வென்ற படையின் வீரர்களுக்கே தவமுயற்சிகளை விதித்தார்கள். திருத்தந்தையின் தூதராக வந்திருந்த ஆயர் எர்மன்ஃப்ரீட் அதை உறுதி செய்தார். ஓர் ஆளைக் கொன்றதாக அறிந்தவன், கொன்ற ஒவ்வோர் ஆளுக்கும் ஓராண்டு தவம் செய்ய வேண்டும். வெட்டிவிட்டு, வெட்டுப்பட்டவன் பிழைத்தானா செத்தானா என்று தெரியாதவனுக்கு ஆளுக்கு 40 நாள். எத்தனை பேர் என்ற கணக்கே தெரியாதவன் வாழ்நாள் முழுவதும் வாரத்தில் ஒரு நாள் தவம் செய்ய வேண்டும். அல்லது கோவில் கட்டியோ கோவிலுக்குக் கொடை அளித்தோ அதை ஈடு செய்ய வேண்டும். யாரையும் தொடாமல், ஆனால் தாக்க விரும்பி நின்றவனுக்கும் 3 நாள் உண்டு. ஆதாயத்துக்காக மட்டும் போரிட்டவன் கொலைக்கு உரிய தவத்தையே செய்ய வேண்டும். வில்லாளிகளுக்குத் தனி விதி. தங்கள் அம்பு பட்டு எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் காயப்பட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது என்பதால், அவர்கள் மூன்று தவக்காலங்கள், அதாவது உயிர்ப்பு விழாவுக்கு முன் ஆண்டுதோறும் வரும் நோன்புக் காலங்கள் மூன்றில், தவம் செய்ய வேண்டும்.

இக்காலப் போரைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ தடித்த நூல்களைவிட, வில்லாளிகளைப் பற்றிய அந்த ஒரு விதி கூர்மையானது என்பேன். தொலைவிலிருந்து கொல்பவனுக்குத் தான் கொன்றது தெரியாது என்பதை அது விடுதலையாகக் கொள்ளவில்லை. அந்த அறியாமைக்கும் ஒரு விலையை வைத்தது. இன்று பீரங்கியையும் ஏவுகணையையும் இயக்குவோர் எல்லாரும் அந்த வில்லாளியின் வழிவந்தவர்கள். ட்ரோனை இயக்குபவரின் நிலை வேறு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அமர்ந்திருந்தாலும், தாம் கொல்லப்போகும் மனிதர் காலையில் வாசலுக்கு வருவதையும் பிள்ளைகளோடு நிற்பதையும் அவர் திரையில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கக்கூடும். குண்டு விழுந்த பிறகு எஞ்சியதைப் பார்த்துப் பதிவதும் பல நேரங்களில் அவர் வேலைதான். தூரம் பெருகியும் அறிதல் குறையாத இந்த நிலைமையை அந்த ஆயர்கள் எந்த வரிசையில் சேர்த்திருப்பார்கள்? ஆளுக்கு ஓராண்டு என்ற முதல் வரிசையில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நியாயமான போரில் கொன்றவனுக்கும் மனம் ஆறத் தவம் தேவை என்ற அறிவைத் திருஅவை காலப்போக்கில் நழுவவிட்டதும், போரிலிருந்து திரும்பியவர்களின் மனக்காயத்தை மருத்துவர்களிடம் மட்டுமே விட்டுவிட்டதும் பெரிய இழப்பு.

இந்த மரபு மாசற்றது என்று நான் வாதிடவில்லை. 1139இல் கூடிய இரண்டாம் இலாத்தரன் பொதுச்சங்கம் குறுக்குவில்லைத் தடை செய்தபோது, கிறிஸ்தவர்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்றுதான் எழுதியது. மற்றவர்கள் கணக்கில் வரவில்லை. சிலுவைப் போர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சமய வேறுபாடோ பேரரசை விரிவாக்கும் ஆசையோ போருக்கு நியாயமான காரணம் ஆகாது என்று சலமாங்காப் பேராசிரியர் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா 1539இல் எடுத்துச் சொன்னபோது, அமெரிக்கக் கண்டத்தின் மக்கள் படவேண்டிய பாட்டில் பெரும்பகுதியைப் பட்டு முடித்திருந்தார்கள்.

இன்றைய நிலைக்கு வருவோம். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல், அதாவது அதன் அதிகாரபூர்வப் போதனைத் தொகுப்பு, 2309ஆம் எண்ணில் நான்கு நிபந்தனைகளைச் சொல்கிறது. நான்கும் ஒரே நேரத்தில் நிறைவேற வேண்டும் என்கிறது. தாக்குபவர் விளைவிக்கும் தீங்கு நீடித்ததும் கடுமையானதும் உறுதியானதுமாக இருக்க வேண்டும். அதை நிறுத்துவதற்கான மற்ற வழிகள் எல்லாம் நடைமுறைக்கு ஒவ்வாதவை அல்லது பயனற்றவை என்று தெளிவாகியிருக்க வேண்டும். வெற்றிக்குத் தக்க வாய்ப்பு இருக்க வேண்டும். ஒழிக்க முனையும் தீமையைவிடப் பெரிய தீமையை ஆயுதப் பயன்பாடு விளைவித்துவிடக் கூடாது. கடைசி நிபந்தனையை எடைபோடும்போது இக்கால ஆயுதங்களின் அழிவாற்றலுக்கு மிகுந்த முக்கியத்துவம் தர வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. நாங்கள் தாக்கப்பட்டோம் என்ற வாதம் இந்த நான்கில் முதலாவதற்கு மட்டுமே விடை. கடிதம் எழுதிய அன்பர் அந்த ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, தேர்வு முழுவதிலும் தேறிவிட்டதாக முடிவு கட்டிவிட்டார்.

இந்தப் பட்டியலிலும் ஒரு பலவீனம் உண்டு. அதை மறைத்துப் பயனில்லை. நிபந்தனைகள் நிறைவேறினவா என்று தீர்மானிக்கும் பொறுப்பு பொதுநலனுக்குப் பொறுப்பானவர்களிடம், அதாவது பெரும்பாலும் போர் தொடுக்க நினைக்கும் அரசிடமே, இருக்கிறது. வழக்காடுபவரே தீர்ப்பும் எழுதினால் என்ன ஆகும் என்பதை 1914இல் ஐரோப்பா காட்டியது. இரு பக்கத்து ஆயர்களும் தத்தம் படைகளை ஆசீர்வதித்து அனுப்பினார்கள். 1917 ஆகஸ்ட் 1 அன்று திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் போரிடும் நாடுகளுக்கு அமைதித் திட்டம் ஒன்றை அனுப்பி, நடப்பது பயனற்ற படுகொலை என்றார். அதை ஏற்று நடக்க எந்தத் தரப்பும் முன்வரவில்லை. 2003இல் அதே கதை வேறு வடிவத்தில் நடந்தது. ஈராக் மீது போர் வேண்டாம் என்று சொல்லத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கர்தினால் பியோ லாகியை வாஷிங்டனுக்கும் கர்தினால் எச்சகாரேயைப் பாக்தாத்துக்கும் அனுப்பினார். வருமுன் காக்கும் போர் என்ற கருத்து மறைக்கல்வி நூலில் எங்கும் இல்லை என்று பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கர் அதற்கு முந்தைய ஆண்டே சொல்லியிருந்தார். அப்படியிருந்தும் அமெரிக்கக் கத்தோலிக்கச் சிந்தனையாளர்கள் சிலர் இதே நியாயமான போர்ப் படிப்பினையைக் காட்டியே அந்தப் படையெடுப்புக்கு ஆதரவு தேடினார்கள். போருக்குக் காரணமாகக் காட்டப்பட்ட பேரழிவு ஆயுதங்களின் கிடங்குகள் பிறகு கண்டுபிடிக்கப்படவே இல்லை. தீங்கு உறுதியானதாக இருக்க வேண்டும் என்ற ஒரு சொல்லை மதித்திருந்தாலே அந்தப் போர் நின்றிருக்கும்.

போரைத் தொடங்கலாமா என்ற கேள்வியோடு படிப்பினை முடிவதில்லை. போர் மூண்டுவிட்டதாலேயே போரிடும் தரப்புகளுக்கு எல்லாம் ஆகும் என்று ஆகிவிடாது என்று மறைக்கல்வி நூல் அடுத்து வரும் எண்களில் அழுத்திச் சொல்கிறது. இங்கேதான் இக்காலப் போர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகின்றன. இரண்டாம் உலகப் போரில் ஹிட்லருக்கு எதிராக நின்றவர்களின் காரணம் நியாயமானதா என்று இன்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1944இல், அமெரிக்க இயேசு சபை அருள்பணியாளர் ஜான் ஃபோர்டு, நகரங்களை ஒட்டுமொத்தமாகக் குண்டுவீசி அழிப்பது அறத்துக்கு மாறானது என்று தம் சொந்த நாட்டின் போர்முறையை எதிர்த்து எழுதினார். தொழில்மயமான நாட்டில் எல்லாருமே போருக்கு உழைப்பவர்கள்தான் என்ற வாதத்துக்கு அவர் தந்த விடை எளிமையானது: ஒரு நகரத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று தொழில் தொழிலாக நீண்ட பட்டியல் போட்டு, இவர்களில் யாரைக் கொல்ல உங்களுக்கு உரிமை உண்டு என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை வராமலே டிரெஸ்டன் எரிந்தது. 1945 மார்ச்சில் ஒரே இரவில் தோக்கியோவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மாண்டார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று இரண்டாவது அணுகுண்டைச் சுமந்து சென்ற விமானத்தின் முதல் இலக்கு கொக்குரா நகரம். அங்கே மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் தொலைவில் உரக்காமிப் பேராலயம் இருந்தது. ஆகஸ்ட் 15 அன்று வரும் மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவுக்கு ஆயத்தமாக அங்கே அந்த நேரத்தில் ஒப்புரவு அருளடையாளம் நடந்துகொண்டிருந்தது. பாவமன்னிப்புக்காகக் காத்திருந்தவர்களும் அதை வழங்கிக்கொண்டிருந்த அருள்பணியாளர்களும் ஒருவர் மிஞ்சாமல் இறந்தார்கள். சுமார் 12,000 பேர் இருந்த அந்தப் பேராலயத்தின் பங்குச் சமூகத்தில் 8,500 பேர் வரை மாண்டதாகக் கணக்கிடப்படுகிறது. அவர்கள் கத்தோலிக்கர்கள் என்பதால் இதைக் குறிப்பிடவில்லை. முந்தைய நாள்களில் ஹிரோஷிமாவில் மாண்ட பௌத்தர்களின் உயிரும் அதே உயிர்தான். நியாயமான காரணம் உடைய தரப்பு, ஃபோர்டு போட்ட பட்டியலில் இருந்த அத்தனை பேரையும் ஒரே நொடியில் கொன்றது என்பதற்காகவே குறிப்பிடுகிறேன். முழு நகரங்களையும் பரந்த நிலப்பகுதிகளையும் அவற்றின் மக்களோடு சேர்த்துக் கண்மூடித்தனமாக அழிக்கும் எந்தப் போர்ச் செயலும் கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான குற்றம் என்று, உலகெங்குமிருந்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கண்டித்தது. யாருக்கும் சாபமிடாமல் பேச முடிவெடுத்த அந்தச் சங்கம், இந்த ஓர் இடத்தில், தயக்கமின்றிக் கண்டிக்கப்பட வேண்டியது என்று எழுதியது. காரணம் நியாயமானதாக இருந்தால் விலக்கு உண்டு என்று அங்கே எந்த வாசகமும் இல்லை.

இன்று எந்த அரசும் நகரத்தை அழிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அழிப்பதில்லை. இலக்கு படைத்தளம்தான், பொதுமக்கள் இறந்தது எதிர்பாராத பக்கவிளைவு என்பதே அறிக்கைகளில் வரும் வழக்கமான வாசகம். நல்ல நோக்கத்தோடு செய்யும் செயலிலிருந்து, நோக்காத தீய விளைவும் வரும் என்று தெரிந்தாலும் சில வேளைகளில் அதைச் செய்யலாம் என்னும், இரட்டை விளைவு என்று இறையியலில் சொல்லப்படும் நெறியை இதற்குத் துணையாகக் காட்டுவோரும் உண்டு. அந்த நெறியின் வேர் அக்குவினாஸிடம் இருக்கிறது. ஆனால் அவரே, தற்காப்புக்காகச் செய்வதும் தேவைக்கு மேற்பட்ட வன்முறையாக இருந்தால் முறையற்றது என்கிறார். எதிர்பார்த்தே செய்த ஒன்றை நோக்கவில்லை என்று சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு. ஒரு மின்மாற்றி நிலையத்தைக் குண்டு வீசித் தகர்க்கிறார்கள் என்று கொள்வோம். அதிலிருந்து படைமுகாமுக்கும் மின்சாரம் போகிறது என்பது உண்மையாகவே இருக்கட்டும். அன்றே நீரேற்று நிலையம் நிற்கிறது. இரண்டு மூன்று நாளில் கழிவுநீர் சுத்திகரிப்பு நின்று, ஆற்றில் கலக்கிறது. மக்கள் அந்தத் தண்ணீரையே குடிக்கிறார்கள். மருத்துவமனையில் ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்ததும் குறைமாதக் குழந்தைகளின் கருவி அணைகிறது. அடுத்த மாதம் வயிற்றுப்போக்கில் இறக்கும் பிள்ளையின் பெயர் எந்தத் தாக்குதலின் கணக்கிலும் ஏறாது. மறைக்கல்வி நூலின் நான்காம் நிபந்தனை இந்தக் கணக்கையும் சேர்த்தே கேட்கிறது. குண்டு விழுந்த பள்ளத்தின் அளவோடு அது நிற்பதில்லை.

முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்துவிட்டோம் என்பது இன்னொரு வாதம். தாக்கப்போகும் ஊரில் பெண்களும் நோயாளிகளும் பாதுகாப்பான இடம் சேர்ந்துகொள்ளட்டும் என்று அம்பு விடுமுன் அறிவித்த பாண்டியனைப் புகழும் சங்கப் பாடலை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம், பெருமைப்படத் தக்கதுதான். ஆனால் அவன் சேரச் சொன்ன இடம் ஒன்று அங்கே இருந்தது. போக இடமில்லாத மக்களுக்குத் துண்டறிக்கை வீசுவதும் கைப்பேசியில் செய்தி அனுப்புவதும் எச்சரிக்கை ஆகாது. வீட்டை விட்டுப் போகாத முதியவர், போகாததாலேயே போர்வீரர் ஆகிவிடுவதும் இல்லை.

அணு ஆயுதத்தைப் பற்றி நிறைய எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். 1982இல் ஐ.நா.வுக்கு அனுப்பிய செய்தியில் இரண்டாம் யோவான் பவுல், படிப்படியான ஆயுதக் குறைப்புக்கான ஒரு கட்டமாக மட்டும் அணு ஆயுத அச்சுறுத்தலைச் சகித்துக்கொள்ளலாம் என்றார். அந்தக் கட்டம் முடிவதாகவே இல்லை என்பதைக் கண்ட பிரான்சிஸ், 2019 நவம்பரில் ஹிரோஷிமாவில் நின்று, அவற்றைப் பயன்படுத்துவது போலவே வைத்திருப்பதும் அறத்துக்கு மாறானது என்றார். செய்தால் பெரும் குற்றம் என்று அறிந்த ஒன்றைச் செய்வேன் என்று மிரட்டிக்கொண்டே இருப்பதை எத்தனை தலைமுறைக்குத்தான் தற்காலிக ஏற்பாடு என்று சொல்வது?

தானாக இயங்கும் ஆயுதங்கள் இன்னும் அடிப்படையான சிக்கலை எழுப்புகின்றன. 2024 ஜூனில் இத்தாலியில் கூடிய ஜி7 மாநாட்டில் பிரான்சிஸ், எந்த இயந்திரமும் ஒரு மனித உயிரைப் பறிப்பதா என்று ஒருபோதும் முடிவெடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அத்தகைய ஆயுதம் மனிதரைவிடத் துல்லியமாகக் குறிபார்க்கும், கோபமோ அச்சமோ அதற்கு இல்லை என்று அதன் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். துல்லியம் உண்மையாகவே இருக்கலாம். பழிவாங்கும் வேட்கை இல்லை என்பதும் உண்மையே. ஆனால் அகுஸ்தினார் கேட்ட நோக்கத்தைப் பற்றிய கேள்விக்கு அங்கே விடை சொல்ல யாருமே இல்லை. மென்பொருளை எழுதியவர் இலக்கைத் தேர்ந்தெடுக்கவில்லை. இலக்கைப் பட்டியலில் சேர்த்த இயந்திரத்துக்கு மனச்சான்று இல்லை. பட்டியலைச் சில நொடிகள் பார்த்து ஒப்புதல் தந்த அதிகாரியோ, இயந்திரம் சொன்னதைத்தான் செய்தேன் என்பார். ஹேஸ்டிங்ஸ் வில்லாளிக்கு மூன்று தவக்காலமாவது இருந்தது. இங்கே தவம் செய்ய ஆளே கிடைக்காதபடி கொலை பல கைகளில் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த ஆயுதங்கள் தடை செய்யப்பட வேண்டும் என்பேன்.

இனி, பிரான்சிஸ் இந்தப் படிப்பினையைக் கைகழுவிவிட்டார் என்ற கடிதத்துக்கு வருகிறேன். 2020இல் அவர் வெளியிட்ட சுற்றுமடலின் 258ஆம் எண்ணில், நியாயமான போர் சாத்தியம் என்று பேசுவதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் உருவான அளவுகோல்களை இன்று கையாள்வது மிகக் கடினம் என்று எழுதியிருக்கிறார். அகுஸ்தினாரின் பெயரைச் சொல்லி, அந்தக் கருத்தை இன்று நாம் ஏற்பதில்லை என்று ஓர் அடிக்குறிப்பும் சேர்த்திருக்கிறார். இவை கடுமையான சொற்கள்தான். அன்பர் அவற்றைக் கற்பனை செய்யவில்லை. ஆனால் அதே எண்ணில், ஆயுதம் ஏந்தித் தற்காத்துக்கொள்ளும் உரிமையை மறைக்கல்வி நூல் பேசுவதைப் பிரான்சிஸ் எடுத்துக்காட்டுகிறார். அதை நீக்கவில்லை, அந்த உரிமையை எல்லை மீறி விரித்துப் பொருள் கொள்வது எளிது என்றுதான் எச்சரிக்கிறார். 2022 செப்டம்பரில் கசகஸ்தானிலிருந்து திரும்பும் விமானத்தில் செய்தியாளர்கள் கேட்டபோது, தற்காத்துக்கொள்வது முறையானது மட்டுமன்று, நாட்டுப்பற்றின் வெளிப்பாடும்கூட என்றார். அவருக்குப் பின் 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ அகுஸ்தினார் சபையைச் சேர்ந்தவர். ஆயுதம் தரிக்காத, பிறரையும் ஆயுதம் களையச் செய்யும் அமைதியைப் பற்றித் தம் முதல் உரையிலேயே பேசினார்.

முழுமையான அகிம்சையே கிறிஸ்தவனுக்கு ஒரே வழி என்போர்மீது எனக்கு மதிப்பு உண்டு. தொடக்கத் திருஅவையில் படையில் சேர மறுத்து உயிர் விட்டவர்கள் இருக்கிறார்கள். 1986இல் பிலிப்பீன்ஸ் மக்கள் ஜெபமாலையோடு கவச வாகனங்களின் முன் நின்று ஒரு சர்வாதிகாரியை வெளியேற்றினார்கள். எனினும் கொலைகாரர்கள் வாசலுக்கு வந்துவிட்ட மக்களிடம், உங்களைக் காக்க யாரும் கை ஓங்கக் கூடாது என்று தொலைவில் பத்திரமாக இருந்துகொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே அந்தப் படிப்பினை இருக்கட்டும் என்கிறேன். ஆனால் முழுமையாக இருக்கட்டும்.

முழுமையாக என்பதில் பொது விவாதங்களில் யாரும் தொடாத ஒரு பகுதி எஞ்சியிருக்கிறது. போர் நியாயமற்றது என்று ஒருவனுடைய மனச்சான்றுக்கு உறுதியாகத் தெரிந்தால், அரசனே ஆணையிட்டாலும் அவன் போருக்குப் போகக் கூடாது என்று வித்தோரியா 16ஆம் நூற்றாண்டிலேயே சொன்னார். அதைச் செய்து காட்டியவர் ஆஸ்திரியாவின் சாங்க்ட் ராடகுண்ட் என்ற சிற்றூரின் விவசாயி ஃபிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர். ஹிட்லரின் போர் நியாயமற்றது, அதில் ஆயுதம் ஏந்த மாட்டேன் என்றார். மனைவியும் சிறு பெண் குழந்தைகளும் இருக்கிறார்கள், அரசின் போர் நியாயமானதா என்று எடைபோடுவது உம் பொறுப்பன்று என்று அவருடைய ஆயரே அவருக்குப் புத்தி சொன்னார். 1943 ஆகஸ்ட் 9 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. 2007இல் திருஅவை அவரை அருளாளர் என்று, அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலைக்கு உயர்த்தி, அறிவித்தது. நியாயமான போர்ப் படிப்பினையை அன்று சரியாகப் புரிந்துகொண்டிருந்தவர் அந்த விவசாயிதான், ஆயர் அல்லர்.

அருளாளர் பட்டம் கொடுத்தாயிற்று, சட்டம் மாறவில்லை. மனச்சான்றின் பேரில் ஆயுதம் ஏந்த மறுப்போருக்குச் சட்டங்கள் மனிதநேயத்தோடு இடம் தர வேண்டும் என்று வத்திக்கான் சங்கம் கேட்டது. ஆனால் அப்படி இடம் தரும் சட்டங்களும் பொதுவாக எல்லாப் போர்களையும் மறுப்பவரையே ஏற்கின்றன. இந்தப் போர் நியாயமற்றது, இதற்கு மட்டும் வர மாட்டேன் என்பவரை ஏற்பதில்லை. வியட்நாம் போருக்குச் செல்ல ஆணை பெற்ற ஓர் அமெரிக்கக் கத்தோலிக்கப் படைவீரர், நியாயமான போரையும் நியாயமற்ற போரையும் பிரித்தறிவது தம் சமயக் கடமை என்று வழக்காடினார். 1971இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. நியாயமற்ற போரில் பங்கேற்காதிருப்பது கத்தோலிக்கரின் அறக்கடமை என்று எடுத்துக்காட்டி மாறுபட்டவர் நீதிபதி டக்ளஸ் ஒருவரே. எல்லாப் போரையும் மறுக்கும் அகிம்சையாளருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, தன் திருஅவையின் படிப்பினையை வரிக்கு வரி பின்பற்றும் கத்தோலிக்கனுக்குக் கிடைக்காது என்பதே அதன் பொருள். அமெரிக்க ஆயர்கள் 1968இலேயே இந்தச் சட்டத்தைத் திருத்தும்படி கேட்டிருந்தார்கள். இன்றுவரை அது திருத்தப்படவில்லை. நியாயமான போரைப் பற்றித் தங்கள் பக்கங்களில் இனி எழுதுவோர், கத்தோலிக்கராயினும் அல்லாதவராயினும், இந்தச் சட்டத் திருத்தத்தைப் பற்றியும் தங்கள் நிலைப்பாட்டைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்